பேனாக்கத்தி வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே சோதித்துப் பாருங்கள்!

அந்த இளைஞருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் ஒரு பட்டறையில் சிப்பம் கட்டும் வேலை. கயிறு அறுக்கவும் அட்டைப்பெட்டி பிரிக்கவும் ஒரு கத்தி தேவைப்பட்டது. தாதர் நடைபாதையில் ரூ.70 கொடுத்து, பளபளவென்று மின்னிய ஒரு மடக்குக் கத்தியை வாங்கினார்.

மூன்றாம் நாள், இறுகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுத்தபோது கத்தி படக்கென்று மடங்கி விரலில் இறங்கிவிட்டது. நான்கு தையல். எட்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. தினக்கூலிக்காரருக்கு எட்டு நாள் என்றால் சும்மாவா?

"எழுபது ரூபாய்க் கத்தி எத்தனை ஆயிரத்தில் கொண்டு விட்டது பார்த்தீர்களா, அண்ணாச்சி?" என்று கட்டுப் போட்ட விரலைக் காட்டினார்.

அவர் மலிவாக வாங்கியது தவறு அல்ல. பார்க்காமல் வாங்கியதுதான் தவறு. குறைந்த விலையிலும் நல்ல கத்தி உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

பெயர் வந்த கதை

பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில், அந்த இறகின் முனையைக் கூராக்க வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகு போய் இரும்பு முள் வந்தது, அதுவும் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அது குமாஸ்தாவுக்கு பென்சில் சீவவும் பார்சல் பிரிக்கவும், தொழிலாளிக்குக் கயிறு அறுக்கவும், ரயில் பயணிக்கு மாம்பழம் நறுக்கவும் உதவுகிறது.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ம் ஆண்டில் ஒரு பட்டறை தொடங்கினார். 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். பல கருவிகள் அடங்கிய அவருடைய கத்தி 1897-ல் பதிவு செய்யப்பட்டது. அவருடைய தாயார் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத உருக்குக்கு பிரெஞ்சு மொழியில் 'இனாக்ஸ்' என்று பெயர். இரண்டும் சேர்ந்து 1921-ல் 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டு நடைபாதையில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை இதன் போலிகள்தான். அசல் கத்தியில், அலகின் அடிப்பாகத்தில் நிறுவனத்தின் பெயர் அழுத்தமாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டிலும் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. குஜராத்தில் கட்ச் மாவட்டத்தின் அஞ்சார், கத்திக்கும் பாக்குவெட்டிக்கும் பேர் போனது. நம் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காந்தம் சொல்வது என்ன?

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் காந்தம் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல பாத்திரம் என்பார்கள். அதே கணக்கைக் கத்திக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள்.

பாத்திரம் செய்யும் நிக்கல் கலந்த உருக்கில் காந்தம் பொதுவாக ஒட்டாது. அந்த உருக்கைக் காய்ச்சித் துவைச்சல் போட்டுக் கடினமாக்கவும் முடியாது. கத்திக்கு வேண்டியதோ கடினமாக்கக்கூடிய உருக்கு. அதில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆகவே கத்தியின் அலகில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது கரண்டி செய்யும் தகடு. ஒரு வாரம்கூடக் கூர் நிற்காது. ஆனால் ஒட்டிவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது முதல் படிதான்.

எழுத்தைப் படியுங்கள்

அலகின் மேல் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். சீனக் கத்திகளில் '3சிஆர்13' என்று இருந்தால், கரி சுமார் 0.3 சதவீதம், குரோமியம் 13 சதவீதம் என்று பொருள். '8சிஆர்13' என்றால் கரி 0.8 சதவீதம். கரி கூடக்கூடக் கூர் நீடிக்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். முதல் ரகம் சீக்கிரம் மழுங்கும். ஆனால் சீக்கிரம் தீட்டவும் முடியும். இரண்டாவது ரகம் அதைவிட நாள்பட உழைக்கும்.

'சர்ஜிகல் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது எந்த உருக்கின் பெயரும் அல்ல, விளம்பரச் சொல். அதே போல '440' என்று வெறும் எண் இருந்தால் போதாது. அதில் ஏ, பி, சி என்று மூன்று ரகம் உண்டு. 'சி' ரகத்தில்தான் கரி அதிகம். எழுத்தைப் போடாமல் விட்டிருந்தால், குறைந்த ரகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உருக்கு நல்லதாக இருந்தாலும் துவைச்சல் சரியில்லாவிட்டால் பயன் இல்லை. குறைவாக இருந்தால் கூர் மடியும். அளவுக்கு மீறினால் பல் பல்லாக உடையும். எழுத்தைப் பொறிப்பது எளிது. எனவே எழுத்தோடு நிறுத்தாமல் கத்தியையும் பார்க்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலில் கத்தியை மடக்கிய நிலையில் பாருங்கள். அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசிக்கொண்டிருந்தால் வேண்டாம். முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் பையையும் கிழிக்கும், தொடையையும் குத்தும்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிடிக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் வேலை மட்டம். அந்த இடுக்கில்தான் அழுக்கும் ஈரமும் சேரும்.

இப்போது திறவுங்கள். கடைசியில் 'டக்' என்று நிற்க வேண்டும். அலகை இரு விரலால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே ஆடுகிற கத்தி, ஒரு மாதத்தில் தாளம் போடும். ஆணிக்குப் பதில் திருகாணி போட்டிருந்தால் நல்லது. தளர்ந்தால் நாமே இறுக்கலாம்.

விரலைக் காப்பாற்றும் சோதனை இனிமேல்தான் வருகிறது. மடக்குக் கத்தியில் இரண்டு வகை. ஒன்று, முதுகில் உள்ள வில்லின் அழுத்தத்தால் மட்டும் நிற்பது. மற்றொன்று, திறந்ததும் பூட்டிக்கொள்வது. கத்தியைத் திறந்து, கூர் உங்கள் விரல்களுக்கு நேராக வராதபடி பிடியின் இரு பக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜையில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டுக் கத்தி அசையக் கூடாது. வில் கத்தி லேசில் மடங்கக் கூடாது. பென்சிலுக்கும் பழத்துக்கும் வில் கத்தி போதும். கயிறு, பட்டை, ரப்பர் அறுப்பவர்கள் பூட்டுக் கத்தியே வாங்க வேண்டும். நம் இளைஞரின் கத்தியில் பூட்டும் இல்லை, வில்லிலும் வலு இல்லை.

கடைசியாகக் கூர். கூரை மேல்நோக்கி வைத்து விளக்கின் கீழ் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மொக்கை. பிறகு ஒரு செய்தித்தாளை அந்தரத்தில் பிடித்து வெட்டுங்கள். கிழிக்காமல் வெட்ட வேண்டும். புதுக் கத்தி சற்று மொக்கையாக இருந்தால் தீட்டிக்கொள்ளலாம். ஆட்டத்தையும் பூட்டையும் நம்மால் சரி செய்ய முடியாது.

பதினொரு வேலைக் கத்தி

கத்தரி, ரம்பம், திருப்புளி, தக்கை திறப்பான் என்று பதினொரு கருவி வைத்து ரூ.150 என்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு கருவிக்கு 14 ரூபாய்கூட விழவில்லை. அந்த விலையில் உருக்கும் கிடைக்காது, உழைப்பும் கிடைக்காது. அதே பணத்தில் ஒரே அலகு உள்ள கத்தி வாங்கினால், பணம் முழுவதும் அந்த அலகுக்குப் போகும். பிரான்சில் 1890-ல் தொடங்கிய ஓப்பினெல் கத்தியில் மரப்பிடியும் ஒரே அலகும்தான். 1955-ல் பூட்டு வளையம் ஒன்று சேர்த்தார்கள். இன்றும் அடிப்படை அமைப்பு அதேதான்.

விலையைப் பார்க்கும்போது வருடத்தையும் பாருங்கள். ரூ.80 கத்தி நான்கு மாதத்தில் போய்விட்டால் வருடத்துக்கு ரூ.240. ரூ.400 கத்தி ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு ரூ.80. எது மலிவு?

போலீஸ் கேட்டால்...

பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை அழகுக்காகக்கூட வாங்க வேண்டாம். உத்தரப்பிரதேசத்து ராம்பூர் கத்தி சினிமாவில் புகழ் பெற்றது. 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளக் கத்தியையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் வேறு. டெல்லியில் 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமும், 1.72 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அகலமும் உள்ள பட்டன் கத்திக்கு 1980-ம் ஆண்டு அறிவிக்கையின்படி கட்டுப்பாடு உண்டு. மராட்டியத்தில் 1951-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 37-வது பிரிவின்படி, பொது இடத்தில் கத்தி எடுத்துச் செல்லவே போலீசார் அவ்வப்போது தடை போடலாம்.

எனவே வேலைக்கான கத்தியை வேலை செய்யும் இடத்திலேயே வைப்பது நல்லது. எடுத்துப் போக வேண்டுமானால் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சாதாரணக் கத்தியை, மற்ற சாமான்களோடு பையில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. மெட்ரோ ரயில் சோதனையிலும் சிக்கல் வரும்.

வாங்கிய பிறகு

எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே துடைத்துவிடுங்கள். புளிப்பு, துருப்பிடிக்காத உருக்கையும் அரிக்கும். மும்பை மழைக்காலத்தில் மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும்.

தெருவில் சைக்கிளில் வருபவரிடம் சாணை பிடித்தால், பொறி பறக்கப் பறக்க அழுத்த விடாதீர்கள். சூடேறிக் கூரில் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் துவைச்சல் போயிற்று என்று பொருள். வீட்டில் ஒரு எண்ணெய்க்கல் வாங்கி வைப்பது உத்தமம். கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாயுங்கள். மறுபடியும் பாதி சாயுங்கள். அதுதான் தீட்டும் கோணம். இரு பக்கமும் சம அளவில் தீட்டுங்கள்.

மழுங்கிய கத்திதான் அதிகம் கையை வெட்டும். அழுத்தி அறுக்கும்போதுதான் வழுக்குகிறது.

நம் இளைஞர் கட்டு அவிழ்ந்ததும் மறுபடி கத்தி வாங்கப் போனார். இந்த முறை கையில் ஒரு சிறு காந்தமும் பழைய செய்தித்தாளும். ஏழு கத்திகளைத் தள்ளிவிட்டு எட்டாவதை எடுத்தாராம். "கத்தியா வாங்குகிறாய், பெண்ணா பார்க்கிறாய்?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டாராம்.

அவர் பதில் சொல்லவில்லை. தையல் விழுந்த விரலைக் காட்டினார்.