கிட்னி மாற்று ஆபரேஷன் செய்தவருக்கு காய்ச்சலா? மெடிக்கல் ஷாப் மாத்திரை ஆபத்து!

வேலூர்,

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு 3-வது மாதம் லேசாக காய்ச்சல் அடிக்கிறது. "மழையில நனைஞ்சதுக்கு வந்த காய்ச்சல், ரெண்டு நாள்ல போயிடும்" என்கிறார்கள் வீட்டில். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் 4 மாத்திரை வாங்கி போடுகிறார். காய்ச்சல் விடவில்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார். ஒரு வாரம் கழித்து மூச்சு வாங்குகிறது. அதன் பிறகுதான் ஆம்புலன்சை கூப்பிடுகிறார்கள்.

கிட்னி டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கும். கிட்னியும் நன்றாக வேலை செய்திருக்கும். ஆனால் வீட்டில் கழிந்த அந்த ஒரு வாரத்தில் உயிருக்கே ஆபத்து வந்து விடுகிறது.

இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் கிட்னி மாற்று ஆபரேஷன் 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை பெற்று பொருத்தும் திட்டம் தமிழகத்தில் 2008-ல் தொடங்கியது. இப்போது கூலி வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என சாதாரண குடும்பத்தினரும் மாற்று கிட்னியுடன் வாழ்கிறார்கள். கிட்னி பொருத்துவதை விட அதை கிருமியிடம் இருந்து காப்பாற்றுவதுதான் பல நேரம் பெரிய வேலையாக இருக்கிறது.

காவல்காரனுக்கு தூக்க மாத்திரை

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அதைத்தான் எதிர்ப்பு சக்தி என்கிறோம். கிருமி வந்தாலும் அடிக்கும், அடுத்தவர் உறுப்பு வந்தாலும் அடிக்கும். கிட்னி கொடுத்தது பெற்ற தாயாக இருந்தாலும் அந்த படைக்கு அது அன்னியம்தான்.

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த ஆபரேஷன்தான் உலகில் முதலில் வெற்றி பெற்ற கிட்னி மாற்று. அதில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அச்சு அசலாக ஒரே உடம்பு என்பதால் காவல் படை கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் அப்படி இரட்டையர் கிடைப்பாரா?

அதனால்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் போன்ற மாத்திரைகளை கொடுத்து காவல் படையை அரைத் தூக்கத்தில் வைக்கிறார்கள். கிட்னி பிழைக்கிறது. ஆனால் காவல்காரன் தூங்கினால் திருடனுக்கும் வசதிதானே. மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமி கூட இவர்களை படுக்க வைத்து விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. அது காய்ச்சலையே அமுக்கி விடும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்க, வெளியே உடம்பு லேசாக சுடும், அவ்வளவுதான். அதனால் இவர்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்பதே அவசரம். அதற்கு கீழே இருந்தாலும் உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து விட வேண்டும்.

முதல் மாதம்

முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் ஆபரேஷன் சம்பந்தப்பட்ட தொற்று. தையல் போட்ட இடம், சிறுநீர் டியூப், சிறுநீர் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் இவற்றின் வழியாக கிருமி ஏறும். கிட்னி மாற்று செய்தவர்களுக்கு அதிகம் வருவது சிறுநீர் தொற்றுதான். புதிய கிட்னியை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைக்கிறார்கள். அங்கே வலித்தால், சிறுநீர் எரிந்தால், அளவு குறைந்தால் "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று இளநீர் குடித்து விட்டு இருக்கக்கூடாது. சில வாரம் கழித்து ஸ்டென்டை எடுக்க வரச் சொன்ன தேதியையும் தள்ளிப்போடக்கூடாது.

உஷாராக இருக்க வேண்டிய மாதங்கள்

2-வது மாதத்தில் இருந்து 6-வது மாதம் வரை மாத்திரையின் வேகம் முழுசாக இருக்கும். தூங்கிக் கிடந்த கிருமிகள் எழுந்திருப்பதும் அப்போதுதான். நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சி.எம்.வி. என்ற வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைந்ததும் அது தலை தூக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இதனால் வரலாம். நிமோசிஸ்டிஸ் என்ற காளான் கிருமி நுரையீரலை தாக்கி மூச்சுத்திணற வைக்கும்.

இவற்றை தடுக்கத்தான் ஆபரேஷன் முடிந்த சில மாதங்களுக்கு தனியாக தடுப்பு மாத்திரைகள் தருகிறார்கள். கோட்ரைமாக்சசோல் என்ற விலை குறைந்த மாத்திரை நிமோசிஸ்டிசை தடுக்கும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இது எதுக்கு" என்று சிலர் இதை நிறுத்தி விடுகிறார்கள். உடம்பு நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

பி.கே. வைரஸ் என்று ஒன்று உண்டு. வேலூரில் முதல் ஆபரேஷன் நடந்த அதே 1971-ல் லண்டனில் கிட்னி மாற்று நோயாளி ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள். அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்தான் பி.கே. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கிட்னியை மட்டும் அரித்துக்கொண்டே போகும். ரத்த பரிசோதனையில்தான் தெரியும். இதை ஒழிக்க என்று தனி மருந்து கிடையாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை டாக்டர்கள் குறைத்து பார்ப்பார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவரை செக்கப்புக்கு வரச் சொல்வது இதற்காகவும்தான்.

டி.பி. வந்தால் இரட்டை சிக்கல்

நம் ஊரில் கிட்னி மாற்று செய்தவர்களுக்கு பெரிய வில்லன் டி.பி. எப்போதோ உடம்பில் புகுந்து அடங்கிக் கிடந்த கிருமி, ஆபரேஷனுக்கு பிறகு கிளம்புகிறது. இவர்களுக்கு இருமல் இல்லாமலே டி.பி. இருக்கலாம். நெறிக்கட்டி, குடல், மூளை உறை என்று எங்கே வேண்டுமானாலும் வரும். வாரக்கணக்கில் விட்டு விட்டு காய்ச்சல், எடை குறைவது, ராத்திரியில் வியர்ப்பது இவைதான் அடையாளம்.

டி.பி. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக கிடைக்கிறது. சிக்கல் அங்கேதான். டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ் மாத்திரையை உடம்பில் நிற்க விடாது. ஈரல் அதை வேகவேகமாக கழித்து வெளியேற்றி விடும். நோயாளி தினமும் ஒழுங்காக மாத்திரை போடுவார், ரத்தத்தில் இருக்காது. காவல் படை விழித்துக்கொண்டு கிட்னியை தாக்கும்.

எனவே டி.பி. மாத்திரை தொடங்கும் முன்பே கிட்னி மாற்று செய்தவர் என்று சொல்லி விட வேண்டும். கிட்னி டாக்டர் டாக்ரோலிமஸ் அளவை பல மடங்கு கூட்டுவார் அல்லது ரிஃபாம்பிசினுக்கு பதில் வேறு மருந்து தருவார்.

சில மருந்துகள் இதற்கு நேர் எதிர். கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு தரும் ஃப்ளூகோனசோல் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றி விடும். ஏறினால் கிட்னிக்கே விஷம். பம்பளிமாஸ் பழமும் இப்படி அளவை ஏற்றும் என்பதால் வேண்டாம் என்கிறார்கள். உடம்பு வலிக்கு போடும் டைக்ளோபெனாக் ஊசி கிட்னியை நேரடியாக கெடுக்கும். முதலில் சொன்ன கிளினிக் ஊசி இதுவாக இருந்தால், காய்ச்சலோடு கிட்னியும் போகும். எதிர்ப்பு சக்தியை கூட்டும் என்று விற்கும் லேகியம், பவுடர் பக்கமும் போகக்கூடாது. டாக்டர் அடக்கி வைத்ததை காசு கொடுத்து எழுப்புவானேன்?

வயல், புறா, ரோட்டோர ஜூஸ்

6 மாதம் தாண்டினால் மாத்திரை அளவு குறையும், பயமும் கொஞ்சம் குறையும். வேலைக்கு போகலாம். ஆனால் சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமி தமிழகத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. எலிக்காய்ச்சலும் தேங்கிய தண்ணீரில்தான் வருகிறது. பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். புறா எச்சத்தில் மூளையை தாக்கும் காளான் கிருமி இருக்கலாம், அதை கூட்டி அள்ளும் வேலை இவர்களுக்கு வேண்டாம். ஐஸ் போட்ட ரோட்டோர ஜூஸ், காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, கறி கூடாது. சூடாக வடித்த சோறு, கொதித்த குழம்பு தாராளமாக சாப்பிடலாம். தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமியால் செய்தவை இவர்களுக்கு ஆகாது. புளூ ஊசி போன்றவற்றை டாக்டரை கேட்டு போடலாம்.

காய்ச்சல் வந்ததும் "இந்த மாத்திரையாலதான் வந்துச்சு" என்று கிட்னி மாத்திரையை தாங்களாகவே நிறுத்துபவர்களும் உண்டு. தொற்று கடுமையாக இருந்தால் டாக்டர்களே சிலவற்றை குறைப்பார்கள், அது வேறு. நாமாக நிறுத்தினால் உடம்பு கிட்னியை தள்ளி விடும். மறுபடி டயாலிசிஸ்தான். இந்தியாவில் உயிருடன் இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அந்த கிட்னி பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மா அல்லது மனைவி கொடுத்ததாக இருக்கும். இரண்டாவது முறை அவர்களால் கொடுக்க முடியாது.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் போன் நம்பரும், தினமும் போடும் மாத்திரைகளின் பெயர், அளவும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். நடுராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் முதலில் அதை காட்ட வேண்டும். டாக்ரோலிமஸ் ரத்த பரிசோதனைக்கு போகும் நாளில் காலை மாத்திரையை வீட்டில் போட்டு விட்டு போகக்கூடாது. கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாக காட்டும்.