பேஸ் கிடாரில் யார் பெயரைப் பொறிப்பது?

பேஸ் கிடாரின் தலைப்பகுதியில் கம்பெனியின் பெயர் இருப்பது வழக்கம். சில கருவிகளில் அதனருகே ஒரு வாசிப்பாளரின் கையெழுத்தும் இருக்கும்: மார்க்கஸ் மில்லர், ஜேக்கோ பாஸ்டோரியஸ், ஸ்டீவ் ஹாரிஸ், ஜாக் கசாடி என்று. 'சிக்னேச்சர் மாடல்' என்று கடைக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். இப்படி ஒரு கருவி விற்கும்போது அதில் ஒரு பங்கு கையெழுத்துக்கு உரியவருக்குப் போவது வழக்கம். மரத்தை அறுத்தவர் ஒருவர், காந்தத்தைச் சுற்றிக் கம்பி இழைத்தவர் இன்னொருவர். பெயரும் பங்கும் மட்டும் ஏன் வாசித்தவருக்கு? ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கு இன்னொரு மாலை தேவையா? பேஸ் வாசிப்பவர்கள் கூடும் இடங்களில் இந்த விவாதம் ஓய்வதே இல்லை. சிலருக்கு அந்தப் பெயர் முழுக்க முழுக்கத் தகும் என்றே நான் நினைக்கிறேன். பேஸ் கிடார் தொழிற்சாலையில் பாதிதான் முடிந்தது. மீதியை முடித்தவர்கள் அதை வாசித்தவர்கள்.

இளையராஜாவின் 1980களின் பாடல்களில், பாடகரின் குரலுக்குக் கீழே வேறொரு மெட்டு தன் போக்கில் நடந்துகொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல பாடல்களில் அந்த வேலையைச் செய்வது பேஸ் கிடார்தான். அதை விற்பனைக்குரிய கருவியாக நிலைநிறுத்தியவர் லியோ ஃபெண்டர். அதற்கு முன்பு ஆளுயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். டிரம்ஸும் ஊதுகருவிகளும் மின்கிடாரும் சேர்ந்து முழங்கும் மேடையில் அதன் ஒலி அமுங்கிப்போகும். 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டார். தோளில் மாட்டிக்கொள்ளலாம், 34 அங்குலக் கம்பி நீளம், சுரம் பிசகாமல் விரல் வைக்க உலோக ஃப்ரெட்கள், நான்கு கம்பிகள். ஆகத் தடிமனான கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும்.

லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. மின்சாரமும் மரமும் அவருக்குக் கைவந்தவை. விரல் என்ன கேட்கும் என்பதை வாசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது புரிய, பிக்கப் என்ற உறுப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிகளுக்கு அடியில் காந்தங்கள்; அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. இதில் பிக்கப் எங்கே இருக்கிறது என்பது பெரிய சங்கதி. கம்பி நடுப்பகுதியில் அகலமாக ஆடும். அங்கே ஒலி உருண்டையாக, கனமாக இருக்கும். கம்பி முடியும் இடமான பிரிட்ஜ் பக்கம் போகப்போக அந்த ஆட்டம் சுருங்கி, கம்பிக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய மேல்சுரங்களின் பங்கு கூடும், ஒலி கூர்மையாகும். பிக்கப்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் காது கண்டுபிடித்துவிடும்.

மார்க்கஸ் மில்லரின் கதை அந்த ஒரு சென்டிமீட்டரில் தொடங்குகிறது. ஃபெண்டரின் இன்னொரு கருவியான 'ஜாஸ் பேஸ்' 1960இல் வந்தது. அதில் இரண்டு பிக்கப்கள். 1970களில் கம்பெனி பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை ஏறத்தாழ அந்த அளவு பிரிட்ஜை நோக்கி நகர்த்தியது. நியூயார்க்கில் வளர்ந்த மில்லரின் கையில் இருந்தது 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். கட்டைவிரலால் கம்பியை அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுக்கும் 'ஸ்லாப்' முறையில் அவர் வாசித்தபோது, அந்தக் கூர்மை அடிக்கு ஓர் உலோகத் தெறிப்பைக் கொடுத்தது. அதோடு அவர் நிற்கவில்லை. ரோஜர் சடௌஸ்கி என்ற நியூயார்க் கைவினைஞரிடம் கொடுத்து, கருவிக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒரு சிறு முன்பெருக்கியைப் பொருத்திக்கொண்டார். அடித்தொனியையும் மேல்தொனியையும் கருவியிலிருந்தே ஏற்றி இறக்கலாம். அந்தக் கருவியோடுதான் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தார். டேவிஸின் 1986ஆம் ஆண்டு 'டுட்டு' ஆல்பத்தின் பெரும்பகுதியை எழுதினார்.

1998இல் ஃபெண்டர் மில்லரின் பெயரில் வெளியிட்ட ஜாஸ் பேஸில் இவையெல்லாம் இருந்தன: எழுபதுகளின் பிக்கப் இடம், கனமான பிரிட்ஜ், முன்பெருக்கி. பெயர் இல்லாத ஜாஸ் பேஸை வாங்கி அதே ஒலிக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு கைவினைஞரைத் தேடிப்போய்ச் செலவழிக்க வேண்டும். இந்தப் பெயர் தகும். எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அந்த ஒலியில் சடௌஸ்கியின் பங்கும் இருக்கிறது. தலைப்பகுதியில் இரண்டு கையெழுத்துக்கு இடமில்லாமலா போய்விட்டது?

மில்லர் பின்னர் சையர் என்ற கொரியக் கம்பெனியோடு சேர்ந்து, இந்தோனேசியாவில் தயாராகும் பேஸ்களைத் தன் பெயரில் கொண்டுவந்தார். ஃபெண்டரின் அமெரிக்கத் தயாரிப்புக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. இரண்டு பிக்கப், முன்பெருக்கி, நல்ல பிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு. புகழ்பெற்ற பெயர் விலையை ஏற்றத்தான் உதவும் என்பவர்களுக்கு இந்தக் கருவி நல்ல பதில். கல்லூரி மாணவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஜேக்கோ பாஸ்டோரியஸின் வழி வேறு. அவர் சேர்க்கவில்லை, நீக்கினார். 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்களைப் பிடுங்கியெடுத்து, பள்ளங்களை அடைத்து, விரல்பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பிசினைப் பூசினார். ஃப்ரெட் இல்லாத பேஸை முதலில் செய்தவர் அவர் அல்லர். ஆம்பெக் கம்பெனி 1966இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜேக்கோவின் கண்டுபிடிப்பு அந்தப் பூச்சில் இருந்தது. மேலே சுருள் சுற்றிய சொரசொரப்பான கம்பிகள்தான் பளீரென்று ஒலிக்கும். ஆனால் அவை வெறும் மரப்பலகையை அரம்போல் தின்றுவிடும். எபாக்ஸி அந்த அரிப்பைத் தாங்கியது. அதனால் பளீர் ஒலியும் ஃப்ரெட் இல்லாத வழுக்கலும் ஒரே கருவியில் கூடின. மெட்டுகள் உள்ள வீணைக்கும் மெட்டுகளே இல்லாத சித்திரவீணைக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். ஜேக்கோவின் விரலடியில் சுரம் அப்படித்தான் குழைந்தது. 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு, பேஸ் வாசிப்பவர்கள் பலர் தங்கள் கருவியின் ஃப்ரெட்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

அந்தக் கருவி 1986இல் நியூயார்க்கில் திருட்டுப்போனது. மறு ஆண்டு, 35 வயதில், ஜேக்கோவும் இறந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கடையில் அது வெளிப்பட்டது. மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து மீட்க உதவினார். இதற்கிடையே 1999இல் ஃபெண்டர் ஜேக்கோவின் பெயரில் ஒரு ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸை வெளியிட்டது. எபாக்ஸி பூச்சுடன். அது சரி. ஆனால் அதன் விலையுயர்ந்த வடிவத்தில், பழைய கருவியின் தேய்மானத்தையும் உதிர்ந்த வண்ணத்தையும் புதுக் கருவியில் செயற்கையாக உண்டாக்கித் தருகிறார்கள். பூச்சு ஜேக்கோ யோசித்து எடுத்த முடிவு. கீறல் அவர் வாழ்ந்த வாழ்க்கை. அதைத் தொழிற்சாலையில் போட்டு விற்பது எனக்கு உறுத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சிக்னேச்சர் கருவி ஜாக் கசாடியுடையது. அறுபதுகளின் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவில் வாசித்தவர் அவர். கருவியின் உள்வேலையில் தீராத ஆர்வம் கொண்டவர். அலெம்பிக் கம்பெனி 1972இல் செய்த முதல் பேஸ் அவருக்காகச் செய்ததுதான். எழுபதுகளில் கிப்ஸன் தயாரித்துக் கைவிட்ட, உட்பகுதி குடைந்த ஒரு பேஸ் 1980களில் அவர் கையில் சிக்கியது. உடல் பிடித்தது; பிக்கப் போதவில்லை. அந்தக் கருவியை மீண்டும் கொண்டுவாருங்கள் என்று கிப்ஸனிடம் கேட்டார். அவர்களுடைய எபிஃபோன் பிரிவு முன்வந்தது.

கசாடி கேட்டது குறைந்த மின்மறிப்பு உள்ள பிக்கப். வழக்கமான பிக்கப்பில் செப்புக் கம்பியின் சுற்றுகள் மிக அதிகம். சுற்று கூடினால் மின்னழுத்தம் கூடும், ஆனால் ஒயரில் பயணிக்கும்போது மேல்சுரங்கள் மங்கும். சுற்றைக் குறைத்தால் அடிமுதல் நுனிவரை சுரம் தெளிவாக வரும், ஆனால் சத்தம் மெலிந்துபோகும். அந்த மெலிவைச் சரிக்கட்ட உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரும், மூன்று நிலைகளில் திருப்பும் ஒரு குமிழும் வைத்தார்கள். பிக்கப் மனதுக்குப் பிடிக்கும்வரை கசாடி மாதிரிகளைச் சோதித்துக்கொண்டே இருந்தார். 1997இல் வெளிவந்த அந்தக் கருவியில் ஒரே பிக்கப்தான். குமிழைத் திருப்பினால் அதே பிக்கப் மூன்று குணத்தில் பேசும். உலகப் புகழோ கோடிக்கணக்கான ரசிகர்களோ கசாடிக்கு இல்லை. அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட ஒலிக்காகவே அந்தப் பேஸை வாங்குகிறார்கள். பெயர் தகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரானவையும் சந்தையில் நிறைய உண்டு. பழைய கருவிக்குப் புது வண்ணம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு சின்னம், பின்னால் ஒரு கையெழுத்து, கூடுதல் விலை. ரசிகர் ஒருவர் அன்பினால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த வாசிப்பாளர் கருவிக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பெயரே இல்லாமல் போன பெரிய கொடையும் உண்டு. ஆன்டனி ஜாக்சன் என்ற வாசிப்பாளருக்கு நான்கு கம்பி போதவில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ஆறு கம்பிகள் வேண்டுமென்று கேட்டு, 1975இல் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரிடம் செய்துவாங்கினார். ஆறு கம்பிப் பேஸ் அதற்கு முன்பும் இருந்தது. அது சாதாரணக் கிடாரின் சுருதியையே ஓர் எண்மம் இறக்கியது. ஜாக்சனுடையது பேஸின் சுருதியை இரு பக்கமும் நீட்டியது. கீழ்க்கம்பி நொடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வுவரை இறங்கியது. இன்று எந்தப் பெரிய கடையிலும் ஆறு கம்பிப் பேஸ் தொங்குகிறது, அதே சுருதியில். அவற்றில் அநேகமாக எதிலும் ஜாக்சனின் பெயர் கிடையாது.

இதுவரை சொன்ன என் அளவுகோல் ஜேம்ஸ் ஜேமர்சனிடம் வந்து முட்டுகிறது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனி அறுபதுகளில் வெளியிட்ட பாடல்களில் எண்ணற்றவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் அவர். பால் மெக்கார்ட்னி முதற்கொண்டு அவரைக் குருவாக மதிக்கிறார்கள். அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். பிக்கப்பை மாற்றவில்லை, ஃப்ரெட்டைப் பிடுங்கவில்லை, உள்ளே எதையும் பொருத்தவில்லை. நெக் உடலோடு சேரும் இடத்தில் 'ஃபங்க்' என்று ஒரு சொல்லைச் செதுக்கிவைத்தார், அவ்வளவுதான். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். டபுள் பேஸில் பழகிய விரல் அது. 'கொக்கி' என்று அதற்குப் பட்டப்பெயர்.

அந்த ஒலி எங்கிருந்து வந்தது? விரலிலிருந்து, பிறகு கம்பியிலிருந்து. தட்டையான நாடா சுற்றிய, வழுவழுப்பான, மிகத் தடித்த லா பெல்லா கம்பிகளை மாட்டினார். அறுந்தாலொழிய அவற்றை மாற்றமாட்டார். கம்பி பலகையிலிருந்து உயரமாக நிற்கும். அழுத்தி வாசிக்க விரலில் பலம் வேண்டும். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நுரைப்பஞ்சு, சுரத்தை நீளவிடாமல் குறுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு சுரமும் தட்டிப் போட்டதுபோல் தனித்தனியாக விழும்.

மோடவுன் கம்பெனி தன் ஆல்பங்களில் வாசிப்பாளர்களின் பெயரைப் பல ஆண்டுகள் அச்சிடவில்லை. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தில்தான் ஜேமர்சனின் பெயர் வந்தது. ஒலிப்பதிவுக்குக் கூலி உண்டு, விற்பனையில் பங்கு கிடையாது. 1983 ஆகஸ்டில் அவர் இறந்தார், வயது 47. அதற்குச் சில நாட்கள் முன்பு அந்தப் பேஸ் திருடுபோயிருந்தது. ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. பெயரும் விற்பனையில் பங்கும் யாருக்காவது உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் அது இவருக்குத்தான்.

மரத்தில் அவர் எதையும் மாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் எதை மாற்றக் கூடாது என்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவு கம்பியில் இருந்ததால், லா பெல்லா கம்பெனி ஜேமர்சனின் பெயரில் விற்கும் கம்பித் தொகுப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது. மெல்லிய கம்பி 0.052 அங்குலம், தடித்தது 0.110. வழக்கமான தொகுப்பில் மெல்லியது 0.045தான் இருக்கும். மாட்டினால் நெக்கின் மேல் இழுவிசை கூடும். உள்ளிருக்கும் இரும்புக் கோலை ஒரு தேர்ந்த கையால் முறுக்கிச் சரிசெய்துகொள்ள வேண்டும். புதிதாக மாட்டிய அன்று ஜேமர்சனின் ஒலி வராது. பல மாதங்கள் வாசித்து, வியர்வையும் அழுக்கும் ஏறி, பளபளப்பு முழுக்கப் போன பிறகுதான் வரத் தொடங்கும்.