கடைக்குள் ஒரு கடல்: மோட்டார் பழுதானால் தொட்டியைக் காப்பது எப்படி?

கோவை, மோட்டாருக்குப் பெயர் பெற்ற ஊர். 1937-லேயே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய மண் இது. கிணற்று மோட்டார் நின்றால் தோட்டம் காயும், கிரைண்டர் நின்றால் மாவு வியாபாரம் கெடும் என்பதெல்லாம் கொங்கு நாட்டு வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் பழுதானால் சில மணி நேரத்தில் உயிர்களே போய்விடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கடை முகப்பில் வைக்கும் உப்புநீர் மீன் தொட்டி.

வாடிக்கையாளர் கண்ணைக் கவர மீன் தொட்டி வைப்பது வணிகத் தலங்களில் வழக்கமான ஒன்று. நன்னீர் மீன்கள் சிறு தவறுகளைத் தாங்கிக்கொள்ளும். உப்புநீர்த் தொட்டி அப்படியல்ல. கடல் மீன், இறால், நத்தை, பவள உயிர்கள் என்று ஒரு சிறு கடலையே கண்ணாடிக்குள் அடைத்து வைக்கிறோம். உண்மைக் கடலில் ஒரு சொட்டு அழுக்கு கரைந்து காணாமல் போகும். 300 லிட்டர் தொட்டியில் அது போவதற்கு இடமில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பியதில்லை. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியது. அங்குள்ள பெரிய மீன் காட்சியகம் புயலைத் தாங்கி நின்றது. ஆனால் ஜெனரேட்டர் நின்றுபோனதால் பெரும்பாலான மீன்கள் மடிந்தன. 2006 மே மாதத்தில்தான் மீண்டும் கதவு திறந்தது. 2017 நவம்பரில் டோக்கியோவின் சன்ஷைன் காட்சியகத்தில், மீன்களுக்கு மருந்து போட்டபோது குமிழி விடும் கருவியின் இயக்கத்தைக் குறைத்தார்கள். மூச்சுக்காற்று போதாமல் 1,200-க்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. கட்டடம் பெரிது, நிபுணர்கள் பலர். ஆனால் காலை வாரியது ஒரு கருவிதான்.

கருவி கெட்டால் நீர் எப்படிக் கெடுகிறது?

கருவி நின்று போவதாவது கண்ணுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே நீரைக் கெடுப்பதுதான் பெரிய ஆபத்து. தொட்டிக்கான பம்பின் உள்ளே காந்தம் உண்டு. அதன் மேலுறை வெடித்தால் உப்புநீர் புகுந்து துருப்பிடிக்கும். இவ்வகைக் காந்தங்கள் பலவற்றில் நிக்கலும் செம்பும் பூச்சாக இருக்கும். அவை நீரில் கரையும். செம்பு, மீனைவிட இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் கொடிய விஷம். மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பு மருந்தாகவே பயன்படுகிறது. அதே அளவு இறாலைக் கொன்றுவிடும். ஆகவே மீன் நன்றாக நீந்துகிறதே என்று நம்பிவிடக் கூடாது. இறால் சாய்வதும், நத்தை கண்ணாடியிலிருந்து விழுவதும், விரிந்திருந்த பவளம் சுருங்குவதும்தான் முதல் எச்சரிக்கை.

இன்னொரு தவறு, வீட்டு உபயோகத்துக்கான எண்ணெய் நிரப்பிய சப்மெர்சிபிள் பம்பை உப்புநீரில் இறக்குவது. சீல் கெட்டால் எண்ணெய் வெளியேறி மேற்பரப்பில் படலமாகப் பரவும். நீருக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். நன்னீரைவிட உப்புநீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். கோடை வெப்பத்தில் இன்னும் குறையும்.

முதல் ஒரு மணி நேரம்

முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. மெயினை அணைக்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பிறகு கெட்ட கருவியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு மூட்டையில் வண்டு கண்டால் அந்த மூட்டையை முதலில் கிடங்குக்கு வெளியே கொண்டு போகிறோம் அல்லவா? அதே முறைதான். காரணம் உள்ளேயே இருக்கும்போது எத்தனை நீர் மாற்றினாலும் பயனில்லை.

அடுத்து காற்று. நல்ல நிலையில் உள்ள மற்றக் கருவிகளை ஓட்டி, ஏர் பம்பும் குமிழிக் கல்லும் போட வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால், அச்சில்லாத வெள்ளைத் தாளை மேற்பரப்பில் படரவிட்டு எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செத்த உயிர்களை உடனே அகற்ற வேண்டும். அவை அழுகினால் அம்மோனியா உண்டாகி, பிழைத்தவற்றையும் கொல்லும்.

பதற்றத்தில் கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுவதும், பாறைகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம். பாறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள். குளோரின் பட்டால் அவையும் போய்விடும்.

நீர் மாற்றும் கணக்கு

தொட்டியைக் காப்பது நீர் மாற்றம்தான். இதில் வணிகருக்குப் புரியும் கணக்கு ஒன்று உண்டு. நீரில் உள்ள கேடு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தினம் பத்துச் சதவீதமாக ஐந்து நாள் மாற்றினால் 59 பங்கு மிஞ்சும். அதே அளவு நீரை ஒரே முறையில், அதாவது பாதியாக மாற்றினால், 50 பங்குதான் மிஞ்சும். அதுவும் முதல் நாளே. பாதிப் பாதியாக மூன்று முறை மாற்றினால் பன்னிரண்டரைப் பங்குக்கு இறங்கிவிடும். ஆகவே விஷம் கலந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக என்பது சிக்கனமல்ல, நட்டம். ஆனால் புதிய நீரின் வெப்பமும் உப்பின் அளவும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் அதுவே இரண்டாவது அடியாகிவிடும்.

300 லிட்டர் தொட்டியில் பாதி மாற்ற 150 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் ஐந்தேகால் கிலோ கடல் உப்புக் கலவை தேவை. இங்கே நம் மளிகை அன்பர்களுக்கு ஒரு கேள்வி எழும். கடையில் மூட்டை மூட்டையாக உப்பு இருக்கும்போது தனியாக வாங்குவானேன்?

உப்பளத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி முதலிலேயே படிந்துவிடும். அதன் பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்து விடுகிறார்கள். அதனால்தான் தூத்துக்குடி உப்பு சமையலுக்கு நல்ல உப்பாகிறது. ஆனால் பவளத்துக்கு அந்தச் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான் உடல் கட்டும் பொருள். கல் உப்பைக் கரைத்தால் உப்புநீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. தூள் உப்பில் அயோடின் சேர்ப்பும், கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் வேறு உண்டு.

தண்ணீரிலும் கவனம் தேவை. சிறுவாணி நீர் மென்மையானது என்றாலும் குழாயில் வரும்போது குளோரின் கலந்தே வரும். ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமானது. ஆர்.ஓ. நீரில் உப்புக் கலவையைக் கரைத்து, ஒரு நாள் காற்று விட்டு வைத்திருந்து ஊற்றுவதே முறை.

தேங்காய்த் தொட்டிக் கரி

நீரில் எஞ்சிய எண்ணெய், சாயம், வாடை ஆகியவற்றைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் செயலூட்டிய கரி உதவும். இதில் சிறந்த ஒரு வகை தேங்காய்த் தொட்டியிலிருந்து தயாராகிறது. தென்னை செழித்த நம் பகுதிக்கு இது புதிய சரக்கல்ல. அடுப்புக் கரி இதற்கு ஈடாகாது. எண்ணெய் படிந்தால் கரி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எனவே படலத்தை எடுத்த பிறகே கரியைப் போட்டு, ஓரிரு நாளில் மாற்ற வேண்டும். செம்பு போன்ற உலோகத்துக்குக் கரியை மட்டும் நம்ப முடியாது. அதற்கென உள்ள உலோகம் பிடிக்கும் பிசின் அல்லது பட்டை வேண்டும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்திருந்து பிறகு மெல்ல விடும். ஆகவே தெளிந்துவிட்டது என்று நிறுத்தாமல், சில வாரங்கள் சோதனைக் கருவியால் பார்த்து வர வேண்டும்.

போனால் மீண்டும் வாங்கலாமா?

செத்தால் வேறு வாங்கினால் போயிற்று என்று எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல் குதிரைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவை 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கியும், சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியதன் வடு அங்கே ஆறவில்லை. எனவே தொட்டி வைப்பவர், பில்லுடன் வந்த சட்டப்பூர்வமான உயிர்களையும், கோமாளி மீன் போன்ற பண்ணையில் பொரித்த மீன்களையும் மட்டுமே வாங்க வேண்டும். வாங்கியதைக் காக்கவும் வேண்டும்.

கையிருப்பில் இருக்க வேண்டியவை

1. தொட்டியின் பாதி அளவுக்குக் கலந்து மூடி வைத்த உப்புநீர். அல்லது அந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரும் உப்புக் கலவையும்.

2. உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், வெப்பமானி, செம்பு சோதனைக் கருவி.

3. காற்றுப் புகாமல் கட்டிய செயலூட்டிய கரியும் உலோகம் பிடிக்கும் பட்டையும்.

4. உப்புநீருக்கென்றே செய்த மாற்றுப் பம்பு ஒன்று. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று.

5. தொட்டி இணைப்பில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.

மாதம் ஒரு முறை பம்பைக் கழற்றி, காந்தத்தின் உறையில் வெடிப்போ துருவோ உள்ளதா என்று பார்த்தால் பெரும்பாலான விபத்துகள் முன்பே தெரிந்துவிடும். இரவு எட்டு மணிக்குத் தொட்டி கலங்கினால் எந்தக் கடையும் ஒரு நாள் ஊறிய உப்புநீரை விற்காது. பண்டிகைச் சரக்கைப் பண்டிகையன்று கொள்முதல் செய்பவர் நம்மில் யாருமில்லை. தொட்டியைக் காப்பதும் அந்த முன்னிருப்புதான் என்பதை வணிக அன்பர்கள் மனதில் கொள்ள வேண்டுகிறோம்.