தீர்ப்பு வந்துவிட்டது, தெரு இன்னும் நம்பவில்லை

2018 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. இஸ்ரோ உளவு வழக்கில் விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கைது செய்தது தேவையற்ற செயல், அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. பிறகு அது திரைப்படமாகவும் வந்தது. ஆனால் அதே வழக்கில் பெங்களூருக்காரர்கள் இருவரும் சிறை சென்றார்கள் என்பது இந்த நகரத்திலேயே பலருக்குத் தெரியாது.

ஒருவர் கே. சந்திரசேகர். ரஷ்ய விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதியாகப் பெங்களூரில் பணியாற்றியவர். இன்னொருவர் தொழிலாளர் ஒப்பந்ததாரர் எஸ்.கே. சர்மா, சந்திரசேகரின் நண்பர். அதே வழக்கில் சிக்கிய மாலத்தீவுப் பெண் ஒருவர் தன் மகளைப் பெங்களூருப் பள்ளி ஒன்றில் சேர்க்க விரும்பினார், அதற்கு உதவப்போய் வழக்கில் மாட்டிக்கொண்டவர் சர்மா. 1994 இறுதியில் இருவரையும் கேரளப் போலீஸ் கைது செய்தது. 1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, வழக்கே பொய் என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். கேரள அரசு மறுவிசாரணைக்கு முயன்றபோது 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. சட்டப் புத்தகங்களில் அந்தத் தீர்ப்புக்குப் பெயரே ‘கே. சந்திரசேகர் எதிர் கேரள அரசு’ என்பதுதான்.

நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று தன் பெயரைத் தாங்கி நின்றும், அந்த மனிதர் தலைநிமிர்ந்து வெளியே வரவில்லை. உறவினர்களை விட்டு விலகி, பெங்களூரின் வடக்கே வித்யாரண்யபுராவில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார் என்று அவர் குடும்பத்தினர் பின்னாளில் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். 2018 தீர்ப்புக்காகக் காத்திருந்தார். தீர்ப்பு வந்த நாளில் அவர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார், இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். சர்மா அதே ஆண்டு நவம்பரில் புற்றுநோயால் காலமானார். நம்பி நாராயணனுக்கு 2019-ல் பத்மபூஷண் கிடைத்தது, 2020-ல் கேரள அரசு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்தது. அவருக்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். ஆனால் பெங்களூர் நண்பர்கள் இருவரையும், விடுவிக்கப்பட்ட பிறகான 22 ஆண்டுகளில், அவர்கள் வாழ்ந்த நகரம் எப்படி நடத்தியது என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை.

கைதுக்கு இருக்கும் சத்தம் விடுதலைக்கு இல்லை. கைது செய்த அன்று போலீஸ் அதிகாரி செய்தியாளர்களைக் கூட்டுகிறார், புகைப்படம் வெளியாகிறது, தெருமுனைக் கடை வரை பெயர் பரவுகிறது. விடுவிப்பு என்பது நீதிமன்றக் கட்டில் சேரும் ஒரு காகிதம். எல்லாக் காகிதமும் ஒரே மாதிரி அல்ல என்பதும் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஜாமீன் என்றால் வழக்கு இன்னும் நடக்கிறது. விசாரணை அமைப்பே குற்றம் இல்லை என்று அறிக்கை கொடுத்து வழக்கை முடிப்பது வேறு. குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன்பே நீதிபதி விடுவிப்பது வேறு. முழு விசாரணைக்குப் பிறகு விடுதலை செய்வது வேறு. தெருவில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான்: ‘எப்படியோ தப்பிச்சுட்டான்.’

தெருவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசே அப்படித்தான் பார்க்கிறது. தமிழ்நாடு காவல் பணித் தேர்வு விதிகளின்படி, சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையானவர் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். நீதிமன்றம் போகச் சொன்ன பிறகும் நிழல் பின்தொடர அரசாணையே வழி செய்திருக்கிறது.

ஒருவர் சிறையிலிருந்து வந்த மறுநாள் என்ன நடக்கும் என்று பாருங்கள். கைபேசி, மடிக்கணினி, சான்றிதழ்கள் எல்லாம் வழக்குச் சொத்தாக நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும். அவற்றைத் திரும்பப் பெறத் தனியாக மனு போட வேண்டும், அதற்கும் வக்கீல் கட்டணம் உண்டு. பெங்களூரில் வீடு பிடிக்க வேண்டுமென்றால் பல மாத வாடகையை அட்வான்ஸாக எண்ணி வைக்க வேண்டும். பத்து மாத வாடகை கேட்ட காலமும் உண்டு. பணம் புரட்டினாலும் ஓனர் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறார். பழைய கைதுச் செய்தி முதல் வரியில் வந்து நிற்கிறது. விடுதலைச் செய்தி, அப்படி ஒன்று எழுதப்பட்டிருந்தால், பத்தாவது பக்கத்தில் கிடக்கிறது. இதற்கும் தெளிவான சட்டம் இல்லை. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பின் பொதுப்பிரதியிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இதே பெங்களூர் ஒருவரைக் கைநீட்டி வரவேற்றதும் உண்டு. மருத்துவர் முகமது ஹனீப் 2007 ஜூலை 2 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைதானார். பிறந்து சில நாளே ஆன மகளைப் பார்க்க ஊருக்குக் கிளம்பியவர். உறவினருக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு சிம் கார்டுதான் அவர்மீதான சந்தேகத்தின் வேர். கிளாஸ்கோ விமான நிலையத் தாக்குதலில் எரிந்த வாகனத்தில் அந்தச் சிம் கிடைத்தது என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. உண்மையில் அது பல நூறு கிலோமீட்டர் தள்ளி, லிவர்பூலில் இருந்தது. 12 நாள் குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்து வைத்து, அதன் பிறகே குற்றம் சாட்டினார்கள். ஜூலை 27-ல் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். 29 அன்று ஹனீப் பெங்களூர் வந்து இறங்கினார். கர்நாடக முதல்வராக இருந்த எச்.டி. குமாரசாமி அரசு வேலை தர முன்வந்தார். ஆஸ்திரேலிய அரசு அமைத்த கிளார்க் விசாரணை 2008-ல் அவர் குற்றமற்றவர் என்பதை உறுதி செய்தது, 2010 டிசம்பரில் இழப்பீடும் முடிவானது.

அந்த வரவேற்பு நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் கைது செய்தது வேற்று நாட்டுப் போலீஸ் என்பதால்தான் நாம் அவரை அவ்வளவு எளிதில் நம்பினோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் போலீஸ் பிடித்தபோது அந்த நம்பிக்கை வரவில்லை. 2012 ஆகஸ்ட் 29-ல் பெங்களூரில் டெக்கான் ஹெரால்டு நாளிதழின் செய்தியாளர் முதி-உர்-ரஹ்மான் சித்திக்கி, அரசியல்வாதிகளையும் பத்திரிகையாளர்களையும் கொல்லச் சதி செய்ததாகக் கைதானார். ஊடகங்கள் அவரைச் சதியின் மூளை என்றே எழுதின. ஆறு மாதம் கழித்து, அவர்மீது ஆதாரம் இல்லை என்று என்.ஐ.ஏ. சொன்னது, 2013 பிப்ரவரியில் வெளியே வந்தார். வந்ததும் செய்தியாளர்களைச் சந்தித்து, ஊடகங்களும் காவல் அமைப்புகளும் துல்லியத்தைக் கைவிட்டதைப் பற்றிப் பேசினார். அதே வழக்கில் வேறு சிலர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். வழக்கு உண்மையாக இருக்கும்போதும் அதில் பிடிபட்ட ஒருவர் நிரபராதியாக இருக்கலாம். கூட இருந்தவர்கள் குற்றவாளிகள் என்பதாலேயே இவரையும் சந்தேகிப்பதுதான் அக்கம்பக்கத்தார் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஏழை என்றால் நிலைமை இன்னும் மோசம். 2022-ல் மேற்கு வங்கத்திலிருந்து குப்பை பிரிக்கும் வேலைக்காகப் பெங்களூர் வந்த ஓர் இளம் தம்பதியை வங்கதேசத்தவர் என்று சொல்லிக் குழந்தையோடு சிறையில் அடைத்தார்கள். 301 நாள் கழித்து ஜாமீன் கிடைத்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காகப் பேச இங்கே பத்திரிகையாளர் சங்கமோ முதல்வரோ இல்லை.

தமிழ் பேசும் மக்களின் அனுபவம் ஒன்றும் இதே மாநிலத்தில் இருக்கிறது. வீரப்பன் வேட்டையின்போது மாதேஸ்வரன் மலைப் பகுதிக் கிராமத்தவர்களை 1993 முதல் தடா சட்டத்தில் பிடித்து மைசூர்ச் சிறையில் அடைத்தார்கள். 2001-ல் மைசூர்த் தடா நீதிமன்றம் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலை செய்தபோது, அவர்களில் பலர் ஏழெட்டு ஆண்டுகளை உள்ளேயே கழித்திருந்தார்கள். அதிரடிப்படையின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரும்படி மனித உரிமை ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. அந்தப் பணத்துக்காகக் காத்திருந்த காலத்தில் காடும் நிலமும் கால்நடையும் கைவிட்டுப் போனவர்களை யார் தாங்கினார்கள்? உறவும் ஊரும்தான்.

சட்டம் என்ன தருகிறது? உரிமையாகக் கேட்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்ட பீகாரின் ருதுல் ஷாவுக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் வழங்கியது. அரசமைப்பின் 21-ஆவது பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கும் வழி அப்போதுதான் திறந்தது. ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. அக்ஷர்தாம் வழக்கில் 2014-ல் விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டபோது அதே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவர் கொடுக்க வேண்டிய தொகைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வைத்த உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஆயிரம்தான்.

சட்ட ஆணையம் 2018 ஆகஸ்ட் 30-ல் அளித்த 277-ஆவது அறிக்கை, பணம் மட்டும் போதாது, மனநல உதவியும் தொழிற்பயிற்சியும் வேலைக்கான தகுதிநீக்கங்களை அகற்றுவதும் இழப்பீட்டில் சேர வேண்டும் என்றது. அது இன்னும் சட்டமாகவில்லை. பக்கத்து மாநிலத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஐதராபாத் மெக்கா மசூதிக் குண்டுவெடிப்பில் தவறாகப் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் உள்ளிட்ட 70 பேருக்கு, அன்றைய ஆந்திர அரசு மொத்தம் 70 லட்சம் ரூபாயோடு நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தது. வேலை கேட்டுப் போகும் இடத்தில் நீட்ட அரசு முத்திரையோடு ஒரு காகிதம். நான் அறிந்தவரை இந்தியாவில் ஓர் அரசு எடுத்த மிகப் பொருத்தமான நடவடிக்கை அதுதான். ஆனால் அந்த இழப்பீட்டு ஆணையை 2013-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கர்நாடக அரசு அந்தச் சான்றிதழ் முறையைச் சட்டத்தின் பலத்தோடு கொண்டுவர வேண்டும். கைதின்போது செய்தியாளர்களைக் கூட்டிய அதே காவல் ஆணையர் அலுவலகம், விடுவிப்பின்போதும் கூட்ட வேண்டும். கைதை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகள் விடுதலையையும் அங்கேயே போட்டு, இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியின் தலையில் முடிவைச் சேர்க்க வேண்டும். இவை நடக்கும்வரை மிச்சமிருப்பது நாம்தான். வீடு கேட்டு வருபவர் தீர்ப்பின் நகலை நீட்டினால், வாங்கி முழுதாகப் படியுங்கள். படித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.