பம்பாய்க்கு எத்தனை நாழிகை?

சென்னைக்கும் மும்பைக்கும் எவ்வளவு தூரம் என்று வகுப்பில் நாம் கேட்டால், "இரண்டு மணி நேரம், ஸார்!" என்று விடை வருகிறது. தூரத்தைக் கேட்டால் காலத்தைச் சொல்வதா என்று பூகோள ஆசிரியர்கள் கோபிக்கலாம். ஆயினும் பிள்ளைகள் சொல்வதில் நியாயம் உண்டு. தூரம் அன்றும் இன்றும் ஒன்றே, மாறியது காலந்தான்.

வான்வழியே அளந்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,030 கிலோ மீட்டர். குண்டக்கல், ரேணிகுண்டா என்று ஊர் ஊராக நலம் விசாரித்துச் செல்லும் ரயிலுக்கோ ஏறத்தாழ 1,280. ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியிலேயே கழியும். மாதுங்காவிலும் தாராவியிலும் தமிழர் குடியேறிய அந்நாட்களில், "தகப்பனார் கவலைக்கிடம்" என்ற தந்தியைக் கண்டு மகன் ரயிலேறுவான். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோன வீடுகள் எத்தனை!

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்னும் ஒற்றை என்ஜின் விமானத்தில் தபாலுடன் கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்ததாம்! பிற்பகலில் பம்பாய். அங்கிருந்து தபாலைச் சென்னைக்குக் கொண்டுவரும் பொறுப்பை நெவில் வின்ட்சென்ட் ஏற்றார். மணிக்குச் சுமார் 160 கிலோ மீட்டர் வேகத்தில் ஆறரை மணி நேரத்தில் பறந்து தீர்த்துவிடலாம். ஆனால் ரேடியோ இல்லை. இருளில் வழி காட்டுவார் இல்லை. பல்லாரியில் இரவைக் கழித்து, மறுநாளே சென்னை சேர்ந்தார். எனினும், லண்டன் விமானம் கராச்சியில் இறக்கிவிட்ட தபாலை நாட்டுக்குள் சுமந்து வந்தது இந்தியர் ஒருவரின் விமானப் போக்குவரத்து என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோ மீட்டருக்குக் குறையாமல் பறக்கிறது. அப்படியானால் ஒன்றேகால் மணி போதுமே, அட்டவணையில் ஏன் ஏறத்தாழ இரண்டு மணி? தரையில் ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்க முறை வரும்வரை வட்டமிடவும் நேரம் வேண்டாமா? காற்றின் விளையாட்டு வேறு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் தென்மேற்குக் காற்று வீசும். பல கிலோ மீட்டர் உயரத்திலோ கிழக்கிலிருந்து பெருங்காற்று ஓடும். அதை ஆராய்ந்து 1950-களில் உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அம்மாதங்களில் மும்பை செல்வோரைக் காற்று பின்னின்று தள்ளும். சென்னை திரும்புவோரைச் சற்றே தடுக்கும். குளிர்காலத்தில் காற்று திசை மாறிவிடும்.

ஆனால் பிரயாணி கணக்கிட வேண்டியது வீட்டு வாசலிலிருந்து அல்லவா? விமான நிலையத்துக்குப் போகும் நேரம், இரண்டு மணி முன்னதாகவே சென்று சோதனைக்கு நிற்கும் நேரம், பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம், மும்பைத் தெருக்களில் வாடகைக் கார் நகரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு ஏழு மணி ஆகிவிடுகிறது. 'புஸ் மாத்' வானத்தில் பறந்து தீர்க்கக்கூடிய நேரமும் ஏறக்குறைய அவ்வளவே!