மூளைக்குள் நீடிக்க வேண்டிய ஊசிகள்

ஒரு சிறிய சதுரம்; அதன் ஒரு பக்கம் வெறும் 4 மில்லிமீட்டர். அதில் 100 சிலிக்கான் ஊசிகள் நிற்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் குழுவினர் உருவாக்கிய மின்முனைத் தொகுப்பு இது. 2004-ல் கை கால் செயலிழந்த ஒருவரின் மூளையில் பொருத்தப்பட்டது. கணினித் திரையின் சுட்டியை அவர் எண்ணத்தாலேயே நகர்த்தினார்.

நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பிடிக்க ஊசியின் நுனி மட்டும் திறந்திருக்க வேண்டும். மீதி முழுவதையும் பாரிலீன்-சி என்ற பாலிமர் மூடுகிறது. வெற்றிடக் கலத்தில் ஆவியாக வந்து, இடுக்கு விடாமல், சில மைக்ரோமீட்டர் தடிப்பில் படிகிறது. உடலின் உப்புநீர் இந்த உறையைத் தாக்குவதில் ஓய்வதில்லை. ஆண்டுகள் செல்ல உறை விரிசல் விட்டால், மின்சாரம் கசிந்து குறிகை கெடும். மாற்றுவதென்றால் மண்டையோட்டை மறுபடி திறக்க வேண்டும். அதனால்தான் இந்த மெல்லிய உறைக்கு இத்தனை மதிப்பு.

ஊசியின் விறைப்பு இன்னும் கடினமான சிக்கல். மூளைத் திசு தயிர்போல மென்மையானது. சிலிக்கானின் விறைப்பு அதைவிடப் பல கோடி மடங்கு. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூளை அசையும்போது ஊசி உரசுகிறது. அதைச் சுற்றி, மூளையின் துணைச் செல்களான கிளியல் செல்கள் தழும்பாகத் திரண்டு, நரம்பணுக்களை விலக்கிவிடுகின்றன.

எனவே இப்போது தலைமுடியைவிட மெல்லிய பாலிஇமைடு இழைகள் செய்யப்படுகின்றன. பாலிஇமைடும் மூளையைவிட லட்சக்கணக்கான மடங்கு விறைப்பானதே. மெல்லியதாக இருப்பதால்தான் வளைகிறது. இழையின் உலோக மின்முனையில் பூசும் பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமர் மின்மறுப்பைக் குறைக்கிறது. உலோகத்திலிருந்து அது உரியாமல் பல்லாண்டு ஒட்டியிருக்கச் செய்வதில்தான் ஆய்வாளர்கள் இன்று பாடுபடுகிறார்கள்.