டிப்ளமாவோடு நிற்கும் படிப்பு: சமுதாயக் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் ஏன் வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு மாணவி எடுக்கும் குரூப், அவர் பின்னாளில் என்ன படிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. காமர்ஸ் எடுத்தவர் பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. வேதியியல் பட்டத்துக்கும் வழியில்லை. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பக்கத்து ஆவூர் போன்ற ஊர்களில் அந்த முடிவு விருப்பத்தை மட்டும் பொறுத்து அமைவதில்லை. பேருந்து போகும் தூரத்தில் எந்தப் பள்ளி இருக்கிறது, அங்கே எந்தக் குரூப்பில் இடம் கிடைக்கிறது, வீட்டுச் சூழல் என்ன என்பவையும் சேர்ந்தே அதை எடுக்கின்றன. இருபத்தைந்து வயதில் அவருக்கு உயிரியல் படிக்க ஆசை வந்தால் எங்கே போவது? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு உடனே வரும் விடை, கம்யூனிட்டி காலேஜ். அதே பெயரில் தமிழ்நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் இங்கே அந்த விடை பொருந்துவதில்லை. ஏன் பொருந்தவில்லை, பொருந்தச் செய்ய முடியுமா என்பதே இங்கு பார்க்க வேண்டியது.

இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியைத்தான் அமெரிக்காவின் முதல் பொது இரண்டாண்டுக் கல்லூரி என்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனை அதன் பின்னணியில் இருந்தது: பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம். 1947இல் ட்ரூமன் ஆணையம் இந்த வகைக் கல்லூரியை நாடெங்கும் பரப்பச் சொன்னது. 1960இல் கலிஃபோர்னியா தன் உயர்கல்வித் திட்டத்தில், இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் இந்த வழியை அடிப்படை ஏற்பாடாகவே வைத்தது. 1984இல் வேதியியல் நோபல் பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு, பாசடீனா ஜூனியர் கல்லூரியில் படித்துவிட்டுக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மனித மரபணுத் தொகுப்பைப் படித்தறிந்தவர்களில் ஒருவரான கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியபின் சான் மாட்டியோ கல்லூரியில் சேர்ந்து படிப்பைத் தொடங்கியவர். இந்த இருவரையும் கல்லூரியின் பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கே முதலாண்டில் படித்த வேதியியலைப் பல்கலைக்கழகம் தன் வேதியியலாகவே ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பாடுதான் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் இந்தக் கருத்து வேறு தேவையிலிருந்து முளைத்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பிறகு இந்த இயக்கத்தை நாடெங்கும் எடுத்துச் சென்றவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். பள்ளியில் இடைநின்றவர்கள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப்பயிற்சி, வேலைக்கான தயாரிப்பு ஆகியவற்றைத் தருவதே இந்தக் கல்லூரிகளின் நோக்கம். நல்ல நோக்கம்தான்; பலனும் கிடைத்தது. ஆனால் சுகாதார உதவியாளர் என்ற பாடத்தைத் தொட்டபோதும், அதன் அடியிலுள்ள உயிரியலும் வேதியியலும் தனிப் பாடங்களாக வளரவில்லை. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வழக்கமான கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்த வழி பிறந்தது. ஓராண்டு டிப்ளமாவுக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில் திறனுக்கு, 24 பொதுக் கல்விக்கு.

அந்த 24 கிரெடிட்டைப் பற்றித்தான் என் வாதம். அது பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சு, கணினி அறிமுகம், ஆளுமை வளர்ச்சி போன்றவற்றில் கரைந்துவிடுகிறது. ஆய்வகம், மருத்துவமனை, உணவுத் தொழில், தண்ணீர் விநியோகம் சார்ந்த டிப்ளமாக்களில் அதன் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத் தரத்திலான உயிரியலுக்கும் வேதியியலுக்கும் ஒதுக்க வேண்டும். அப்படிப் படித்ததை பி.எஸ்சி. முதலாண்டுப் பாடமாகப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

இதில் வேதியியல் எதற்கு என்பவருக்கு ரத்தப் பரிசோதனைக் குழாயே பதில் சொல்லும். சர்க்கரை அளவு பார்க்கச் சாம்பல் மூடிக் குழாய், ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய் என்று நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தும் வேலையில் சேரலாம். ஆனால் ரத்தத்தை எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குறையும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள சோடியம் ஃபுளோரைடு, குளுக்கோஸ் சிதைவில் பங்கேற்கும் ஈனோலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அதன் பலன் முழுமையாகத் தெரியவும் நேரம் பிடிக்கும். எனவே குழாய் சரியாக இருந்தாலும் தாமதம் கூடாது. ஊதா மூடிக் குழாயில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. அதில் ஒரு துளி வேறு குழாயில் கலந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். காரணம் தெரிந்தவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சந்தேகப்படுவார். நிறம் மட்டும் தெரிந்தவர் அப்படியே டாக்டரிடம் கொடுத்துவிடுவார்.

ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பிளீச்சிங் பவுடர் ஈரத்திலும் வெயிலிலும் குளோரினை இழந்துகொண்டே போகும். சென்ற மாதம் போட்ட அதே அளவு இந்த மாதமும் அதே பலனைத் தரும் என்று நம்ப முடியாது. அதனால்தான் குழாயடியில் வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்று இந்தியத் தரநிலை அளவு வைத்திருக்கிறது. எவ்வளவு போட்டோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்று சோதிப்பதே முக்கியம். கருவியும் மருந்தும் சில ஆண்டுகளில் மாறிவிடும். செறிவு, நொதி, அமில காரத் தன்மை ஆகியவை மாறாது. திறனை மட்டும் கற்றவர் கருவி மாறும்போது புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

வேலை உடனே வேண்டும் என்று வருபவரிடம் தத்துவப் பாடம் நடத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மேலே சொன்ன இரண்டு உதாரணங்களும் வேலையின் நடுவிலிருந்து எடுத்தவை. கரிம வேதியியலின் வினைவழிகளை முதல் நாளே சொல்லித்தரத் தேவையில்லை. கரைசல் தயாரிப்பு, நீர்த்தல் கணக்கு, தரம்பார்த்தல், நுண்ணோக்கி, கிராம் சாயமேற்றல் ஆகியவற்றிலிருந்து தொடங்கிப் பாடத்துக்குப் போகலாம். ஆய்வகச் செலவு என்பது அடுத்த கேள்வி. அடிப்படை வேதியியலுக்குப் பியூரெட், பிப்பெட், தராசு, சில கரைசல்கள் போதும். அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகங்கள் மாலையிலும் சனிக்கிழமையிலும் பூட்டியே கிடக்கின்றன. ஆங்கிலம் தடை என்பவர்களுக்கு யாழ்ப்பாணம் பதில் தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்று வேதியியல் நூலே வந்தது.

புதுக்கோட்டையில் 1880இல் தொடங்கிய மாமன்னர் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டம் மாதம் ரூ.1,000 தருகிறது, பிறகு இன்னொரு வழி எதற்கு என்றும் கேட்கலாம். பள்ளியை முடித்ததும் நேரே கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இவை பேருதவி. குரூப்பைத் தவறவிட்டவருக்கும், இடையில் வேலைக்கோ திருமணத்துக்கோ போய்விட்டவருக்கும் இவை எட்டுவதில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. இது ஏழைகளுக்கென்று தனியாக ஒரு இரண்டாந்தரக் கல்லூரியை உருவாக்கும், இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுக்கும் என்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கையின் ‘எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்’ ஏற்பாட்டின் மீது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் இதுவே. அமெரிக்க அனுபவம் இந்த அச்சத்துக்கு வலுவே சேர்க்கிறது: அங்கே சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் பெரும்பாலோர் பட்டம் வரை போக நினைக்கிறார்கள், ஆறு ஆண்டுகளில் இளங்கலைப் பட்டம் பெறுவோர் சுமார் 16 விழுக்காடுதான். மாறும்போது கிரெடிட்டை இழப்பதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது, வெளியேறும் கதவு இருக்கிறதா என்பதைவிட, மேலே போகும் படி உறுதியாக இருக்கிறதா என்பதையே. அந்தப் படியை நாம் பொறியியலில் ஏற்கெனவே கட்டிவிட்டோம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர்கிறார். அதனால் பி.இ.யின் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. டர்னர் வேலை கற்றவருக்குத் திறந்திருக்கும் இந்த வழி, ரத்தம் சோதிக்கக் கற்றவருக்கு பி.எஸ்சி. பக்கம் இல்லாததற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

கிரெடிட்டைச் சேமித்து வைக்க 2021இலேயே விதிமுறை வந்துவிட்டது. சேமித்ததை எந்தப் பட்டத்தில், எந்த ஆண்டில் செலவழிக்கலாம் என்று எழுதிக்கொடுப்பதுதான் பாக்கி. அதைப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டும். அரசு செய்யவைக்க வேண்டும். அதுவரை, சமுதாயக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கும் ஒவ்வொருவரும் வேலை கிடைக்குமா என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்த டிப்ளமாவை எந்தக் கல்லூரி, எந்தப் பட்டத்தின் எத்தனையாவது ஆண்டுக்குச் சமமாக ஏற்கிறது? எழுத்தில் பதில் தராத கல்லூரி வேலைப் பயிற்சிதான் தருகிறது; அதை மேற்படிப்புக்கான வழி என்று நம்பிச் சேர வேண்டாம்.